நீருக்கடியில் கண்ணிவெடி இட்ட முதற்கலம்: 'கிராப்' முதல் 'காசி' வரை

ஆய்வுச்சுருக்கம்

கடற்கண்ணிவெடிகளை நீருக்கடியில் மறைந்து சென்று இடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட முதல் நீர்மூழ்கிக் கப்பல், உருசியக் கடற்படையின் 'கிராப்' ஆகும். உருசிய மொழியில் இப்பெயர் நண்டினைக் குறிக்கும். 1909இல் கட்டத் தொடங்கிய இக்கலம் 1915இல்தான் போருக்குச் சென்றது. இதன் உருவாக்கத்தில் எழுந்த சிக்கல்களையும், அவற்றுக்குக் காணப்பட்ட தீர்வுகளையும், அதே வழியில் பின்னர் வந்த கலங்கள் அடைந்த முடிவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. கொழும்பு, திருகோணமலை, பினாங்கு, விசாகப்பட்டினம் ஆகிய துறைகளை ஒட்டிய நிகழ்வுகள் வழியாக இவ்வரலாறு தமிழர் வாழும் கடற்பரப்போடு கொண்டுள்ள தொடர்பும் சுட்டப்படுகிறது. கண்ணிவெடி இடும் நீர்மூழ்கியின் முதன்மைச் சிக்கல் பகைவரிடமிருந்து மறைவதன்று. தான் சுமந்து செல்லும் படைக்கலத்திடமிருந்து தன்னைக் காத்துக்கொள்வதே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: நீர்மூழ்கிக் கப்பல், கடற்கண்ணிவெடி, கிராப், நாலெட்டோவ், மிதப்பு விசை, காசி, விசாகப்பட்டினம், இராஜபாளையம், திருவில்லிபுத்தூர்.

முன்னுரை

இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் கடலைக் காணாத ஊர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த இவ்விரு ஊர்களிலிருந்து தூத்துக்குடிக் கடற்கரை நேர்த்தொலைவில் சுமார் 100 கிலோமீட்டர் அப்பால் உள்ளது. எனினும் இவ்வட்டாரத்தின் வாழ்வு கடலோடு பிணைந்தே வந்திருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் 'திருநெல்வேலிப் பருத்தி' என உலகச் சந்தையில் அறியப்பட்ட தென்மாவட்டப் பருத்தி, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகவே வெளிநாடுகளுக்குச் சென்றது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாக்கப்படும் வரை திருவில்லிபுத்தூர் வட்டமும் திருநெல்வேலி மாவட்டத்தையே சார்ந்திருந்தது. கடல்வழி அடைபடுமானால் அதன் விளைவு கடற்கரையோடு நிற்பதில்லை. உள்நாட்டு உழவரின் களத்தையும் நூற்பாலையின் வாயிலையும் வந்தடையும்.

கடல்வழியை அடைப்பதற்கு மனிதர் கண்ட கருவிகளுள் மலிவானதும் கொடியதும் கண்ணிவெடியே ஆகும். கோடிக்கணக்கில் பொருள் செலவிட்டுக் கட்டிய போர்க்கப்பலை, அதன் விலையில் மிகச் சிறு பங்கு கூட ஆகாத இரும்புருண்டை ஒன்று மூழ்கடித்துவிடும். அவ்வுருண்டையைப் பகைவரின் துறைமுக வாயிலிலேயே யாரும் அறியாமல் கொண்டுபோய் வைப்பது எவ்வாறு என்ற வினாவிற்கு விடையாகத் தோன்றியதே கண்ணிவெடி இடும் நீர்மூழ்கி.

கடற்கண்ணிவெடி இயங்கும் முறை

தொடக்ககாலக் கடற்கண்ணிவெடி பெரும்பாலும் தொடுகையால் வெடிப்பது. இரும்பாலான கூட்டின் ஒரு பகுதியில் வெடிமருந்தும் எஞ்சிய பகுதியில் காற்றும் இருக்கும். காற்று இருப்பதால் கூடு மேலெழ முயலும். அதனை நீர்ப்பரப்புக்குச் சில மீட்டர் கீழே இழுத்துப் பிடித்திருப்பவை, கடலடியில் கிடக்கும் நங்கூரமும் இரண்டையும் இணைக்கும் கம்பிவடமும் ஆகும். கூட்டின் மீது ஈயத்தாலான கொம்புகள் துருத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கொம்பினுள்ளும் அமிலம் நிறைந்த கண்ணாடிக் குழல் ஒன்று உண்டு. கப்பல் மோதிக் கொம்பு வளைந்தால் குழல் உடையும். அமிலம் மின்கலத்துள் பாயும். அதனால் பிறக்கும் மின்னோட்டம் வெடிமருந்தைத் தூண்டும். அமிலம் கொட்டாதவரை மின்கலம் உயிரற்றுக் கிடப்பதால் இவ்வகைக் கண்ணிவெடி பல ஆண்டுகள் கடலில் காத்திருக்க வல்லது.

கண்ணிவெடி எத்தனை மீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் முறையும் எளியதே. நங்கூரப் பெட்டியின் அடியில் சிறு எடை ஒன்று கயிற்றில் தொங்கும். கண்ணிவெடி மூன்று மீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டுமெனில் கயிற்றின் நீளமும் மூன்று மீட்டர். கடலில் விடப்பட்டதும் கண்ணிவெடி மிதக்க, நங்கூரப் பெட்டி வடத்தை அவிழ்த்துக்கொண்டே கீழிறங்கும். தொங்கும் எடை தரையைத் தொட்டவுடன் வடத்தின் உருளை பூட்டிக்கொள்ளும். அதன்பின் பெட்டி எஞ்சிய மூன்று மீட்டரும் இறங்கும்போது கண்ணிவெடியையும் அதே அளவு கீழே இழுத்துவிடும். கடலின் ஆழத்தை முன்கூட்டி அளந்தறியாமலே கண்ணிவெடி தன் இடத்தில் நிற்பதற்கு இம்முறை வழிவகுத்தது.

இக்கூட்டினுள் அடைக்கப்பட்ட மருந்து பருத்தியோடு தொடர்புடையது என்பது இங்குக் கருதத்தக்கது. பருத்தியை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் தோய்த்தெடுத்தால் அது ஆற்றல் மிக்க வெடிபொருளாக மாறும். 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கண்டறியப்பட்ட இவ்வெடிபஞ்சு, ஈரமாக வைக்கப்பட்டால் பாதுகாப்பாகக் கையாளத்தக்கது. ஆகவே அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்ணிவெடிகளிலும் டார்பிடோக்களிலும் அது பெரிதும் பயன்பட்டது. பின்னரே டிஎன்டி அதன் இடத்தைப் பிடித்தது. தமிழ்நாட்டில் நீலகிரி மாவட்டத்து அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலையும் இதே வேதியியலை அடிப்படையாகக் கொண்டதே. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் காயங்கட்டும் துணியாக நெய்யப்படும் பருத்தியே, வேறோர் ஆலையில் கப்பலைப் பிளக்கும் மருந்தாகவும் ஆகக்கூடியது.

போர்ட் ஆர்தரில் தோன்றிய எண்ணம்

1904இல் உருசியாவுக்கும் சப்பானுக்கும் இடையே போர் மூண்டது. உருசியாவின் பசிபிக் கடற்படை போர்ட் ஆர்தர் துறைமுகத்தில் முற்றுகையிடப்பட்டிருந்தது. 1904 ஏப்ரல் 13 அன்று அங்கிருந்து வெளிவந்த 'பெட்ரோபாவ்லோவ்ஸ்க்' என்னும் போர்க்கப்பல், சப்பானியர் இரவில் இட்டுச் சென்ற கண்ணிவெடியில் மோதி மிகச் சில நிமிடங்களில் மூழ்கியது. படைத்தலைவர் மகாரோவும், போர்க்காட்சிகளை வரைவதில் புகழ்பெற்ற ஓவியர் வெரெஷ்சாகினும் உட்பட 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரு மாதம் கழிந்து, மே 15 அன்று, உருசியர் இட்ட கண்ணிவெடிகளில் சிக்கிச் சப்பானின் 'ஹட்சுசே', 'யாஷிமா' என்னும் இரு போர்க்கப்பல்கள் அழிந்தன. பெரும் பீரங்கிகள் செய்ய இயலாததைக் கண்ணிவெடிகள் இரு தரப்பிலும் செய்து காட்டின.

அப்போது போர்ட் ஆர்தரில் இருந்தவர் மிகயீல் பெட்ரோவிச் நாலெட்டோவ். இவர் கடற்படையைச் சார்ந்தவர் அல்லர். இருப்புப்பாதைத் துறைத் தொழில்நுட்பர். பெட்ரோபாவ்லோவ்ஸ்கின் அழிவு அவரிடம் ஓர் எண்ணத்தை விதைத்தது. நீர்ப்பரப்பில் செல்லும் கப்பல் கண்ணிவெடி இடுவதை விழிப்பான பகைவர் கண்டுவிடக்கூடும். கண்டுவிட்டால் அவ்விடத்தைத் துப்புரவு செய்துவிடுவர் அல்லது விலகிச் செல்வர். நீருக்கடியில் சென்று இட்டால் இட்டதே தெரியாது. இவ்வெண்ணத்தைச் செயற்படுத்த அவர் முற்றுகைக்குள்ளேயே சிறு கலம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அது முற்றுப்பெறுமுன் 1905 சனவரித் தொடக்கத்தில் போர்ட் ஆர்தர் சரணடைந்தது. பகைவர் கையில் சிக்காதிருக்க அக்கலம் அழிக்கப்பட்டது.

மூன்று சிக்கல்கள்

நாலெட்டோவின் எண்ணம் எளியது போலத் தோன்றினும் அதனுள் மூன்று சிக்கல்கள் இருந்தன.

முதலாவது, எடை. நீர்ப்பரப்பில் மிதக்கும் தெப்பம் சுமை ஏறினால் சிறிது தாழும். இறங்கினால் சிறிது உயரும். திருவில்லிபுத்தூர்த் திருமுக்குளத்தில் மிதக்கும் தெப்பத்திற்கும் பெருங்கடலில் செல்லும் சரக்குக் கப்பலுக்கும் இவ்விதி பொதுவானது. மூழ்கியிருக்கும் கலத்திற்கு இத்தகைய இடைநிலை இல்லை. அதன் எடையும், அது விலக்கும் நீரின் எடையும் சமமாக இருந்தாக வேண்டும். சற்றே கூடினால் அது கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். சற்றே குறைந்தால் பகைவரின் கண்ணெதிரே மேலெழும். எடுத்துக்காட்டாக, ஒரு கண்ணிவெடி வெளியேறும்போது கலத்தின் எடை நீருள் 100 கிலோ குறைவதாகக் கொண்டால், 60 கண்ணிவெடிகள் வெளியேறியபின் கலம் 6 டன் இலகுவாகியிருக்கும். கண்ணிவெடிகள் யாவும் பின்புறமாக வெளியேறுவதால் சமநிலை கெட்டு முனை தாழ்ந்து பின்புறம் உயரவும் கூடும்.

தென்மாவட்டக் கிணறுகளில் கமலை இறைத்தோர் இதனை அனுபவத்தால் அறிவர். கூனை நீருக்குள் இருக்கும்வரை வடத்தில் பாரம் தெரிவதில்லை. நீரைவிட்டு வெளிவந்த பின்னரே மாடுகள் அதன் முழு எடையையும் உணரும். கூனைக்குள் இருக்கும் நீர், சுற்றியுள்ள நீரில் எடையற்றதாக இருப்பதே இதற்குக் காரணம். நாலெட்டோவின் தீர்வும் இவ்விதியையே அடிப்படையாகக் கொண்டது. கண்ணிவெடியை அதன் நங்கூரத்தோடு சேர்த்து, நீருள் எடையும் மிதப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்யும்படி அவர் வடிவமைத்தார். அதனைக் கலத்தின் உட்புறத்தில் வைக்காமல், கடல்நீர் தங்குதடையின்றிப் புகும் மேற்கட்டின் நெடுங்கூடங்களில் வைத்தார். அங்குள்ள கண்ணிவெடி கலத்துக்குப் பாரமாகவும் இல்லை. அது வெளியேறியதும் அவ்விடத்தை நிரப்பும் நீர், கலத்தின் சமநிலையைக் குலைப்பதும் இல்லை.

இரண்டாவது, உறக்கம். கண்ணிவெடி கலத்தைவிட்டு நீங்கி, கலமும் அவ்விடத்தைவிட்டு அகன்ற பின்னரே அது விழித்தெழ வேண்டும். நீர்ப்பரப்பில் செல்லும் கப்பல் கண்ணிவெடியைப் பின்னால் உதிர்த்துவிட்டு முன்னேறிவிடும். நீர்மூழ்கியோ மிக மெதுவாகச் செல்வது. கண்ணிவெடி மேலெழும் அதே நீரில் தானும் இருப்பது. ஆகவே கண்ணிவெடி சிறிது நேரம் உறங்கிக் கிடப்பதற்கு நம்பத்தகுந்த ஏற்பாடு வேண்டும்.

மூன்றாவது, இடவறிவு. தான் இட்ட கண்ணிவெடிகள் எங்கே உள்ளன என்பதை நீர்மூழ்கி அறிந்திருக்க வேண்டும். விண்மீன்களையும் கரை விளக்குகளையும் காணாமல், திசைகாட்டியையும் வேகக் கணக்கையும் மட்டும் கொண்டு இருப்பிடத்தைக் கணிக்கும் கலத்துக்கு, கடலின் நீரோட்டத்தால் ஏற்படும் சிறு பிழையும் உயிருக்கு இறுதியாகலாம்.

'கிராப்' உருவான வரலாறு

போருக்குப் பின் நாலெட்டோவ் தம் வடிவமைப்பை உருசியக் கடற்படை அமைச்சகத்திடம் அளித்தார். பல திருத்தங்களுக்குப் பின் அது ஏற்கப்பட்டு, கருங்கடலை ஒட்டிய நிக்கலாயெவ் நகரக் கப்பல் தளத்தில் 1909இல் கட்டுமானம் தொடங்கியது. சுமார் 53 மீட்டர் நீளமும், நீர்ப்பரப்பில் 500 டன்னைச் சற்றே மிஞ்சிய எடையும் கொண்டது அக்கலம். மேற்கட்டில் முன்பின்னாக ஓடிய இரு கூடங்களில் 60 கண்ணிவெடிகள் வரிசையாக நின்றன. மின்னோடி இயக்கிய சுழல்பொறி அவற்றை ஒவ்வொன்றாகப் பின்புறம் நகர்த்தி, சீரான இடைவெளியில் கடலில் விழச் செய்தது. நீர்ப்பரப்பில் செல்ல மண்ணெண்ணெய் எஞ்சின்கள் நான்கும், மூழ்கிச் செல்ல மின்னோடிகளும் பொருத்தப்பட்டன.

1912இல் கலம் நீரில் இறக்கப்பட்டது. எனினும் சோதனைகளில் அதன் நிலைப்புத்தன்மை போதாது எனத் தெரியவந்தது. மேற்கட்டில் நீரும் கண்ணிவெடிகளும் நிறைந்திருப்பதால் மூழ்கும்போதும் எழும்போதும் கலம் பக்கவாட்டில் சாயும் இயல்பு கொண்டிருந்தது. எடையைச் சீராக்கவும் பக்கங்களில் மிதப்பைக் கூட்டவும் மாற்றங்கள் செய்யப்பட்டன. இவ்வாறு ஒரு சிக்கலின் தீர்வு மற்றொரு சிக்கலைப் பிறப்பித்தமையால், கட்டத் தொடங்கி ஆறு ஆண்டுகள் வரை கலம் போருக்கு ஆயத்தமாகவில்லை. முதல் உலகப்போர் தொடங்கிய 1914இலும் அது கப்பல் தளத்திலேயே இருந்தது.

1915: முன்னோடியும் முந்தியோரும்

1915 சூலையில் உருசியாவின் புதிய போர்க்கப்பலான 'இம்பெராத்ரித்சா மரியா' நிக்கலாயெவிலிருந்து செவஸ்தப்போலுக்குச் செல்ல வேண்டியிருந்தது. துருக்கியக் கொடியின்கீழ் இயங்கிய செருமானியப் போர்க்கப்பல்களான 'கோபென்', 'பிரெஸ்லாவ்' ஆகியவை கருங்கடலுக்குள் வருவதைத் தடுக்க, பொஸ்போரஸ் நீரிணையின் வாயிலில் கண்ணிவெடி இடும் பணி 'கிராப்' கலத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சூலை 10 அன்று மூழ்கிய நிலையிலேயே அது அப்பணியை முடித்துத் திரும்பியது. சூலை 18 அன்று 'பிரெஸ்லாவ்' அவ்வெடிகளுள் ஒன்றில் மோதிப் பெருஞ்சேதமடைந்து, பல மாதங்கள் போருக்கு உதவாத நிலையை எய்தியது. பதினோராண்டுகளுக்கு முன் போர்ட் ஆர்தரில் பிறந்த எண்ணம் இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது.

ஆயினும் நீர்மூழ்கியிலிருந்து முதன்முதலில் கண்ணிவெடி இட்ட பெருமை 'கிராப்' கலத்துக்குக் கிட்டவில்லை. செருமானியர் 1914இன் இறுதியில் சிறு நீர்மூழ்கிகளின் தொகுதி ஒன்றைக் கட்டத் தொடங்கி, 1915 மே மாத இறுதியிலேயே ஆங்கிலக் கடற்கரைக்கு அருகில் கண்ணிவெடிகளை இட்டுவிட்டனர். 'யூசி' வகை எனப்பட்ட இக்கலங்கள் 34 மீட்டர் நீளமும் 168 டன் எடையும் கொண்டவை. 14 பேர் இயக்குபவை. இவற்றில் டார்பிடோ கிடையாது. கலத்தின் நடுவே மேலிருந்து கீழாகச் சாய்ந்து செல்லும் ஆறு குழாய்களில் பன்னிரண்டு கண்ணிவெடிகள் மட்டுமே இருந்தன. குழாய்கள் அடியில் திறந்திருந்தமையால் கடல்நீர் அவற்றுள் எப்போதும் நிறைந்திருந்தது. எடைச் சிக்கலுக்கு நாலெட்டோவ் கண்ட அடிப்படைத் தீர்வே இங்கும் வேறு வடிவில் அமைந்ததை உணரலாம். பெரிய கலத்தில் 60 வெடிகளைச் சுமந்து செல்ல ஆறாண்டுகள் உழைத்த உருசியரினும், சிறிய கலங்களைச் சில மாதங்களில் கட்டி முடித்த செருமானியர் முந்திக்கொண்டனர்.

1916இல் மேலும் இரு முறை கண்ணிவெடி இட்ட 'கிராப்', உள்நாட்டுப் போரின்போது 1919இல் செவஸ்தப்போலுக்கு அருகில் மூழ்கடிக்கப்பட்டது. 1930களில் அது கடலடியிலிருந்து மீட்கப்பட்டு உடைக்கப்பட்டது.

இட்டவரையே அழித்த கண்ணிவெடி

'யூசி' கலங்களின் கண்ணிவெடி, நங்கூரத்தோடு சேர்ந்து முதலில் கடலடியில் விழும். நீரில் கரையக்கூடிய பொருளாலான அடைப்பு ஒன்று கண்ணிவெடியை நங்கூரத்தோடு பிணைத்திருக்கும். அது கரைந்து முடியும்வரை கண்ணிவெடி உறங்கும். கரைந்ததும் விடுபட்டு மேலெழும். உரிய ஆழத்தை அடைந்ததும் நீரழுத்தத்தால் இயங்கும் பூட்டு வடத்தை நிறுத்தும். உறக்கச் சிக்கலுக்கு இஃதோர் அறிவார்ந்த தீர்வே. ஆனால் அடைப்பு விரைவாகக் கரைந்தாலோ பூட்டு தவறினாலோ, கண்ணிவெடி தன்னை இட்ட கலத்தின் அடிவயிற்றிலேயே மோதும்.

அவ்வாறே நிகழ்ந்தது. 1916 மார்ச்சில் இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்துக்கு வெளியே 'யூசி-12' தன் கண்ணிவெடியாலேயே அழிந்தது. அப்போது செருமனியும் இத்தாலியும் ஒன்றன்மீது ஒன்று போர் அறிவித்திருக்கவில்லை. இத்தாலிய மூழ்குநர்கள் கலத்தை ஆராய்ந்தபோது, போர் அறிவிக்காமலே தம் துறைமுக வாயிலில் கண்ணிவெடி இட்டவர் யார் என்பது வெளிப்பட்டது. 1917 செப்டம்பரில் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்துக்கு அருகில் 'யூசி-42' தான் இட்டுக்கொண்டிருந்த கண்ணிவெடியாலேயே மூழ்கியது; அதிலிருந்த 27 பேரும் மாண்டனர்.

இரண்டாம் உலகப்போரிலும் இவ்வாபத்து நீங்கவில்லை. பிரித்தானியக் கடற்படை 1930களில் கட்டிய 'போர்பாய்ஸ்' வகை நீர்மூழ்கிகள் ஆறும், மேற்கட்டில் தண்டவாளம் அமைத்து 50 கண்ணிவெடிகளைச் சுமந்தன. அமைப்பில் இவை 'கிராப்' கலத்தின் நேர்வழித்தோன்றல்கள் எனலாம். அவற்றுள் ஒன்றான 'சீல்', 1940 மே மாதம் தென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடைப்பட்ட கடலில் தன் 50 கண்ணிவெடிகளையும் இட்டு முடித்துத் திரும்பும் வழியில் செருமானியக் கண்ணிவெடி ஒன்றில் மோதி, பகைவரிடம் அகப்பட்டது. ஆறு கலங்களுள் போரின் இறுதியில் எஞ்சியது 'ரார்க்குவல்' ஒன்றே.

இந்தியப் பெருங்கடலில் கண்ணிவெடிகள்

முதல் உலகப்போரில் இந்தியக் கரையை ஒட்டிக் கண்ணிவெடி இட்டது நீர்மூழ்கியன்று. வணிகக் கப்பலாக வேடமிட்ட 'வொல்ஃப்' என்னும் செருமானியக் கப்பலாகும். 1914 செப்டம்பர் 22 அன்று சென்னையைத் தாக்கிய 'எம்டன்' தன் வருகையைப் பீரங்கி முழக்கத்தால் அறிவித்தது. 'வொல்ஃப்' அதற்கு நேர்மாறாக ஓசையின்றி வந்து சென்றது. 1916 நவம்பர் இறுதியில் செருமனியைவிட்டுப் புறப்பட்ட அது, 1917 பிப்ரவரியில் கொழும்புக்கும் பம்பாய்க்கும் வெளியே இரவில் கண்ணிவெடிகளை இட்டது. அம்மாதத்திலேயே 'உஸ்டர்ஷயர்', 'பெர்சியஸ்' என்னும் இரு கப்பல்கள் கொழும்புக்கு அருகில் மூழ்கின. பம்பாய்க்கு அருகில் 'மங்கோலியா' என்னும் பயணிகள் கப்பல் மூழ்கியதோ சூன் மாதத்தில். கண்ணிவெடி இட்ட கப்பல் அப்போது பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவுக்குச் சென்றுவிட்டிருந்தது. இட்டவர் நீங்கிய பின்னும் கண்ணிவெடி நீங்குவதில்லை என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. போர்க்கப்பல், வணிகக் கப்பல், பயணிகள் கப்பல் என்ற வேறுபாட்டையும் அது அறியாது.

இரண்டாம் உலகப்போரில் திருகோணமலை பிரித்தானிய நீர்மூழ்கிகளின் தளமாக விளங்கியது. மலாக்கா நீரிணையின் வடவாயிலில் உள்ள பினாங்கு, செருமானிய, சப்பானிய நீர்மூழ்கிகளின் தளமாக இருந்தது. தமிழர் பெருமளவில் வாழும் இவ்விரு துறைகளுக்கும் இடையே கண்ணிவெடிப் போர் ஒன்று ஓசையின்றி நடந்தது. 1945 சனவரியில் பினாங்குக்கு அருகில் கண்ணிவெடி இடச் சென்ற 'போர்பாய்ஸ்' திரும்பி வரவில்லை.

'காசி'யின் முடிவு

நீர்மூழ்கியிலிருந்து கண்ணிவெடி இடுவதன் ஆபத்து இந்தியக் கரையை நேரடியாகத் தொட்டது 1971இல். அமெரிக்கக் கடற்படையில் 1945இல் 'டயப்லோ' என்ற பெயரில் சேர்க்கப்பட்ட நீர்மூழ்கி ஒன்று, 1964இல் 'காசி' என்னும் பெயரோடு பாகிஸ்தான் கடற்படைக்கு வந்தது. அறப்போர் வீரன் எனப் பொருள்படும் அரபுச் சொல் அது. கங்கைக்கரைக் காசியோடு அதற்குத் தொடர்பில்லை. துருக்கியில் செய்யப்பட்ட பழுதுபார்ப்புக்குப் பின் அது டார்பிடோக் குழாய்கள் வழியாகக் கண்ணிவெடி இடும் திறனையும் பெற்றிருந்தது. தனிக் கூடங்களும் சாய்ந்த குழாய்களும் இன்றி, டார்பிடோக் குழாயையே கண்ணிவெடிக்கும் பயன்படுத்துவது அக்காலத்தில் பொதுமுறையாகிவிட்டது. இம்முறையில் கண்ணிவெடிகள் கலத்தின் உள்ளேயே, மாலுமிகள் உறங்கும் இடத்துக்கு அருகிலேயே இருக்கும்.

1971 நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து புறப்பட்ட 'காசி'யின் நோக்கம், இந்தியாவின் விமானந்தாங்கிக் கப்பலான 'விக்ராந்த்' கப்பலை அழிப்பதும், கிழக்குக் கரையில் கண்ணிவெடி இடுவதுமாகும். 'விக்ராந்த்' ஏற்கெனவே அந்தமான் பக்கம் அனுப்பப்பட்டுவிட்டது. அது விசாகப்பட்டினத்துக்கு அருகிலேயே இருப்பதாகப் பகைவர் நம்பும்படி, கிழக்குக் கடற்படைத் தலைமை போலி வானொலிச் செய்திகளைப் பரப்பியது. அப்போது அத்தலைமைப் பொறுப்பில் இருந்தவர் துணை அட்மிரல் என். கிருஷ்ணன்.

டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து வெளியேறிய 'ராஜ்புத்' போர்க்கப்பல், ஐயத்துக்குரிய நீர்க்குழப்பத்தைக் கண்டு ஆழ்நீர் வெடிகளை எறிந்தது. நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் எழுந்த பெருவெடி கரையில் இருந்தோரையும் அதிரச் செய்தது. மிதந்து வந்த சிதைவுகளை முதலில் கண்டவர்கள் மீனவர்கள். கடற்படை மூழ்குநர்கள் கடலடியில் ஆராய்ந்து, சிதைந்து கிடப்பது 'காசி' என உறுதி செய்தனர். அதிலிருந்த 90க்கும் மேற்பட்டோரில் ஒருவரும் உயிர் பிழைக்கவில்லை.

இம்முடிவுக்கு மூன்று விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. 'ராஜ்புத்' எறிந்த ஆழ்நீர் வெடிகளே காரணம் என்பது இந்தியக் கடற்படையின் கூற்று. இருப்பிடக் கணக்குப் பிழைத்து, தான் இட்ட கண்ணிவெடி மீதே கலம் மோதியிருக்கலாம் என்பது இரண்டாவது. கலத்தினுள் இருந்த கண்ணிவெடியோ, மின்கலங்களிலிருந்து கசிந்த ஹைட்ரஜன் வளியோ வெடித்திருக்கலாம் என்பது மூன்றாவது. பாகிஸ்தான் தரப்பு பின்னிரண்டையே சார்ந்து நிற்கிறது. கலத்தின் முன்பகுதியே பெரிதும் சிதைந்திருப்பது இவ்விவாதத்தில் அடிக்கடி சுட்டப்படும் சான்றாகும். டார்பிடோக் குழாய்களும் கண்ணிவெடிகளும் அமையும் இடம் அதுவே. ஆழ்நீர் வெடி வெளியிலிருந்து தாக்கியிருந்தாலும், உள்ளிருந்த வெடிபொருள் அதனால் தூண்டப்பட்டிருக்கக்கூடும். ஆகவே முதல் விளக்கமும் மூன்றாவது விளக்கமும் ஒன்றையொன்று முற்றிலும் விலக்குவன அல்ல. எவ்விளக்கத்தை ஏற்பினும், நாலெட்டோவ் எதிர்கொண்ட உறக்கமும் இடவறிவும் ஆகிய சிக்கல்கள் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் தீராதிருந்தமை புலனாகிறது.

செய்தியும் சட்டமும்

'காசி' தேடிச் சென்ற கப்பல் அங்கு இல்லை. அதனை அறிவதற்கான செய்தி அதற்குக் கிட்டவில்லை. நீர்மூழ்கிக்குச் செய்தி அனுப்புவது எளிதன்று. வழக்கமான வானொலி அலைகள் உப்புநீரில் ஊடுருவுவதில்லை. அதிர்வெண் மிகக் குறைந்த அலைகளே சில மீட்டர் முதல் பத்து, இருபது மீட்டர் ஆழம் வரை செல்லும். அத்தகைய அலைகளை அனுப்ப மிகப் பெரிய உணர்கொம்புகள் வேண்டும். இந்தியக் கடற்படை இதற்கென அமைத்த 'ஐஎன்எஸ் கட்டபொம்மன்' நிலையம், திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 அக்டோபரில் செயற்படத் தொடங்கியது. இராஜபாளையத்திலிருந்து தெற்கே 100 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ள அந்நிலம் கடலைப் பார்த்து நிற்கும் துறைமுகமன்று. ஆயினும் ஆழ்கடலில் மறைந்திருக்கும் கலங்களோடு பேசும் குரல் அங்கிருந்தே எழுகிறது.

கண்ணிவெடியைக் கட்டுப்படுத்தப் பன்னாட்டுச் சட்டமும் முயன்றது. 1907இல் ஹேக் நகரில் உருவான எட்டாவது உடன்படிக்கை, நங்கூரத்திலிருந்து அறுபட்ட கண்ணிவெடி தானாகவே செயலிழக்க வேண்டும் என்றும், வணிகக் கப்பல்களைத் தடுப்பதை மட்டுமே நோக்கமாகக் கொண்டு பகைவரின் கரையில் கண்ணிவெடி இடலாகாது என்றும் விதித்தது. இவ்விதிகளை வகுத்தோர் கண்ணிவெடி இடும் கப்பலைக் கண்ணால் காணலாம் என்றே கருதியிருக்க வேண்டும். இட்டவர் யார், எப்போது இட்டார், எதற்காக இட்டார் என்பவற்றையெல்லாம் நீருக்கடியில் மறைத்துவிடும் கலம் வந்தபின், சட்டத்தை மீறியவரைச் சுட்டுவதே அரிதாயிற்று. 'யூசி-12' தன் கண்ணிவெடியாலேயே அழியாதிருந்தால், தாரந்தோவில் நிகழ்ந்தது வெளிப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

முடிவுரை

'கிராப்' ஒரு தொழில்நுட்பச் சோதனை. அதன் வேகமும் எஞ்சின்களும் நிலைப்புத்தன்மையும் குறையுடையனவாக இருந்தன. அதனைப் போன்ற மற்றொரு கலம் உருசியப் பேரரசில் கட்டப்படவும் இல்லை. ஆயினும் கண்ணிவெடியை நீருள் எடையற்றதாக்கி வெளிக்கூடத்தில் வைக்கும் அதன் அடிப்படை, பிற நாட்டுக் கலங்களில் வெவ்வேறு வடிவில் தொடர்ந்தது. எடைச் சிக்கலைப் பொறியியல் தீர்த்தது. கண்ணிவெடியின் உறக்கத்தையும் அது கிடக்கும் இடத்தையும் பற்றிய சிக்கல்களை எந்தப் பொறியும் முற்றாகத் தீர்க்கவில்லை. தாரந்தோவிலும் கார்க்கிலும் மாண்டவர்களே இதற்குச் சான்று. விசாகப்பட்டினத்து விவாதம் முடிவுறாமல் நீள்வதற்கும் அதுவே காரணம்.

டார்பிடோவும் பீரங்கியும் எறிந்த கணத்தில் எறிந்தவரின் கையைவிட்டு நீங்கிவிடும். கண்ணிவெடி இட்டவரையும் பகைவரையும் வழிப்போக்கரையும் ஒன்றாகக் கருதிக் காத்துக் கிடக்கும். ஆகவே கண்ணிவெடி இடும் நீர்மூழ்கியின் வரலாறு, மறைந்து தாக்கும் திறனின் வரலாறாக மட்டும் அமையவில்லை. தன் படைக்கலத்தைத் தானே அஞ்சி நடக்க வேண்டிய மாலுமிகளின் வரலாறாகவும் அது அமைகிறது.